வானொலிக்கு இரங்கற்பா பாடிய இருவர்

நேயர்களே, தமிழில் ‘ஒலி’ என்ற சொல்லுக்கும் ‘ஒளி’ என்ற சொல்லுக்கும் ஓரெழுத்துத்தான் வேற்றுமை. நாவைச் சற்றே மடித்தால், செவிக்கு உரியது கண்ணுக்கு உரியதாகிவிடுகிறது. இந்தச் சிறு இடைவெளியில் நிகழ்ந்த ஒரு பெரு மாறுதலைப் பற்றி, 1979-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிலிருந்து ஓர் ஆங்கில இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் ‘வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்’. காட்சிக் கலை வந்து வானொலிக் கலைஞனைக் கொன்றுவிட்டது என்பது அதன் பொருள். பாடியவர்கள் இருவர். ‘தி பக்கிள்ஸ்’ என்று தங்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டவர்கள். அந்த ஒரு பாட்டினாலேயே அவர்கள் உலகறிந்தவர்களாயினர். அதன்பின் அந்தப் பெயரில் அவர்கள் வெளியிட்ட எதுவும் அந்த உயரத்தை எட்டவில்லை.

வானொலியின் மறைவைப் பாடியதாகச் சொல்லப்படும் ஒரு பாட்டைக் குறித்து வானொலியிலேயே பேசுவது, ஒருவர் தமக்கு எழுதப்பட்ட இரங்கற்பாவைத் தாமே வாசித்துக் காட்டுவது போன்றது. ஆயினும் அந்தச் சங்கடத்தை ஏற்றுக்கொண்டு இரண்டு கேள்விகளை எழுப்பிப் பார்க்க விரும்புகிறோம். ஒரே பாட்டினால் அறியப்பட்டவர்களை ஒரே பாட்டுக்காரர்கள் என்று கூறிவிடுவது நியாயமா? அவர்கள் பாடியது மெய்யாயிற்றா?

முதலில் அவ்விருவரின் வரலாறு. ஒருவர் டிரெவர் ஹார்ன். 1949-ஆம் ஆண்டு வடகிழக்கு இங்கிலாந்தில் டர்ஹம் மாவட்டத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை பகலில் பால்பண்ணைப் பொறியாளர். ஓய்வு நேரத்தில் நடன இசைக் குழுவில் பேஸ் வாசிப்பவர். மகனும் அந்தக் கருவியையே கையில் எடுத்தார். மற்றவர் ஜெஃப் டௌன்ஸ். 1952-ஆம் ஆண்டு ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்து, லீட்ஸ் இசைக் கல்லூரியில் பயின்று, பியானோ முதலிய விசைப்பலகைக் கருவிகளில் தேர்ந்தவர். இருவரும் பிழைப்புத் தேடி லண்டன் சேர்ந்தனர். 1970-களின் நடுவில் புகழ்பெற்றிருந்த டீனா சார்ல்ஸ் என்ற பாடகியின் பின்னணிக் குழுவில் அவர்கள் சந்தித்தனர். பிறர் பாட்டுக்கு வாசித்து நாட்கூலி வாங்கும் வாழ்க்கை அது. மேடையின் முன்வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. புரூஸ் வுல்லி என்ற மற்றோர் இளைஞரும் அவர்களோடு சேர்ந்தார். மூவரும் 1977-ஆம் ஆண்டு முதல் தங்களுக்கென்று பாட்டுக்கள் அமைக்கத் தொடங்கினர்.

அக்காலத்தில் ஹார்னின் உள்ளத்தில் ஒரு கதை குடியிருந்தது. ஜே. ஜி. பாலார்ட் என்ற ஆங்கில எழுத்தாளர் 1960-இல் வெளியிட்ட ‘தி சவுண்ட் ஸ்வீப்’ என்ற சிறுகதை அது. வருங்காலத்தில் ஒரு நகரம். செவிக்கே எட்டாத நுண்ணலைகளால் இசை அமைக்கும் முறை வந்துவிடுகிறது. வாயால் பாடுவோருக்கு வேலையில்லை. சுவர்களில் தங்கிவிட்ட பழைய ஓசைகளைக் கருவியால் உறிஞ்சித் துப்புரவு செய்யும் ஊமை இளைஞன் ஒருவன், மறக்கப்பட்ட இசை நாடகப் பாடகி ஒருத்தியிடம் பரிவு கொள்கிறான். அவளோ தன் பழம்பெருமையின் எதிரொலியிலேயே வாழ்கிறாள். புதுமை வரும்போது குரலுக்கு என்ன நேரும் என்ற இந்த வினாவே அந்தப் பாட்டின் வித்து. ஜெர்மானியக் குழுவான கிராஃப்ட்வெர்க் 1978-இல் வெளியிட்ட ‘தி மேன்-மெஷின்’ இசைத்தட்டும் ஹார்னுக்கு ஊக்கமளித்தது. மூவரும் கூடி 1978-இல் பாட்டை அமைத்தனர். பின்னர் வுல்லி பிரிந்து வேறு குழு அமைத்துத் தம் பாணியில் அதே பாட்டைப் பதிவு செய்தார். எஞ்சிய இருவரே பக்கிள்ஸ்.

பாட்டைப் பதிவு செய்த விதம் குறிப்பிடத்தக்கது. சாதாரணமாக ஒரு பாட்டை ஒருசில நாட்களில் பதிவு செய்து முடிப்பர். இவர்களோ மாதக் கணக்கில் உழைத்தனர். ஒவ்வொரு ஓசையையும் தனித்தனியே பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மீண்டும் கலைத்து, மீண்டும் அடுக்கினர். ஹார்ன் தம் குரலைப் பழைய வானொலிப் பெட்டியிலிருந்து வருவதுபோல் மெலிதாக்கி, அதன் அடிநாதத்தையும் மேல்நாதத்தையும் சீவி எடுத்துவிட்டார். கேட்போருக்கு, பாடுகிறவர் நெடுந்தொலைவில், கடந்துபோன காலத்தில் நின்று பாடுவதாகத் தோன்றும். அதற்கு எதிராக டெபி டாஸ், லிண்டா ஜார்டிம் என்ற இரு பெண்மணிகளின் குரல்கள் துலக்கமாகவும் மிடுக்காகவும் ஒலிக்கும். மங்கிய ஆண்குரல் பழமை. மின்னும் பெண்குரல் புதுமை. பாட்டின் கருத்தைச் சொற்களைவிட இந்த ஒலியமைப்பே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. மொழி அறியாதவரும் அதை உணரலாம். பாட்டு நாடு கடந்து சென்றதற்கு இதுவே முதற்காரணம் என்று கருதுகிறோம்.

ஐலண்ட் கம்பெனியார் இசைத்தட்டை 1979 செப்டம்பரில் வெளியிட்டனர். அக்டோபர் 20-ஆம் தேதி அது பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. ஒரு வாரமே அங்கு நின்றது. ஆஸ்திரேலியாவிலோ ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் 40-ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். 1979-இல் பிரிட்டனில் ஒரு பாட்டு மக்களிடம் சென்று சேர வானொலியே தலைவாசல். வாரம் ஒரு நாள் பி. பி. சி. தொலைக்காட்சியில் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ என்ற நிகழ்ச்சி உண்டு. மற்றபடி காலையும் மாலையும் பாட்டை வீடுதோறும் கொண்டுசென்றது வானொலிப் பெட்டிதான். வானொலிக் கலைஞன் மாண்டான் என்று பாடிய பாட்டை வானொலியே சுமந்து திரிந்து வெற்றி தேடிக் கொடுத்தது. தன்னைப் பழித்த பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாக் காட்டும் தாயைப் போன்ற செயல் இது.

வெற்றிக்குப் பின்பு வந்தது சோதனை. கைவசம் இருந்ததோ ஒரு பாட்டு. கம்பெனிக்கோ ஒரு முழு இசைத்தட்டு உடனே வேண்டும். மாதக்கணக்கில் செதுக்கிய ஒன்றைப்போல் பலவற்றை விரைந்து செதுக்குவது எங்ஙனம்? 1980-இன் தொடக்கத்தில் ‘தி ஏஜ் ஆஃப் பிளாஸ்டிக்’ வெளிவந்தது. அதிலிருந்து தனியே வெளியிட்ட பாட்டுக்களில் ஒன்று 16-ஆம் இடம் பெற்றது, அடுத்தது 38, அதற்கடுத்தது 55. படிக்கட்டில் இறங்குவதுபோல் எண்கள் இறங்கின. மேலும், பக்கிள்ஸ் என்பது மேடைக்குழு அன்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருவர் அமர்ந்து கட்டிய ஓர் ஒலி மாளிகை. அதை ஊர் ஊராகத் தூக்கிச் செல்லவும் இயலாது.

இந்நிலையில் எதிர்பாராத ஓர் அழைப்பு வந்தது. ‘எஸ்’ என்பது பிரிட்டனின் பெரும் புகழ்பெற்ற குழுக்களில் ஒன்று. 1980-இல் அதன் பாடகர் ஜான் ஆண்டர்சனும், விசைப்பலகைக் கலைஞர் ரிக் வேக்மனும் விலகினர். எஸ் குழுவுக்கும் பக்கிள்ஸுக்கும் மேலாளர் ஒருவரே. காலியான இரண்டு இடங்களில் இவ்விருவரும் அமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டில் ‘டிராமா’ என்ற இசைத்தட்டு வெளிவந்து பிரிட்டனில் இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் மேடையில் நிலைமை வேறு. ஆண்டர்சனின் உச்சக் குரலுக்கென்று அமைந்த பழம்பாட்டுக்களை இரவுதோறும் ஹார்ன் பாட வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் பழைய ரசிகர்கள் சிலர் வெளிப்படையாகவே வெறுப்பைக் காட்டினர். பிறர் காலணியில் கால் நுழைத்து நெடுவழி நடப்பதன் வேதனையை அவர் அனுபவித்தார். 1981-இன் தொடக்கத்தில் அந்தக் குழு கலைந்தது.

கலைந்த சில மாதங்களில், விதி தன் விளையாட்டைக் காட்டியது. 1981 ஆகஸ்டு முதல் தேதி, நள்ளிரவு கடந்து ஒரு நிமிஷம். அமெரிக்காவில் எம். டி. வி. என்ற தொலைக்காட்சி பிறந்தது. இரவும் பகலும் பாட்டுப் படங்களையே காட்டுவது அதன் நோக்கம். அது காட்டிய முதற்படம் பக்கிள்ஸின் இந்தப் பாட்டு. ரஸ்ஸல் மல்கேஹி என்ற ஆஸ்திரேலிய இயக்குநர் லண்டனில் எடுத்த படம் அது. கறுப்புடை அணிந்து கருவி வாசித்தபடி அதில் ஓரிரு கணம் தோன்றும் ஜெர்மானிய இளைஞர் ஹான்ஸ் ஜிம்மர் என்பதை இன்றைய திரைப்பட ரசிகர்கள் அறிந்தால் வியப்பர். அமெரிக்க விற்பனை வரிசையில் 40-க்குமேல் ஏறாத பாட்டு, ஒரு புது யுகத்தின் தொடக்க வாழ்த்தாக அமெரிக்க வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் அந்த யுகத்தின் பயனை நுகரப் பக்கிள்ஸ் என்ற இருவர் குழு மிஞ்சவில்லை. அவ்வாண்டு நவம்பரில் வந்த இரண்டாம் இசைத்தட்டைப் பெரும்பாலும் ஹார்னே முடிக்க வேண்டியதாயிற்று. டௌன்ஸ் ஏற்கெனவே வேறு வழி சென்றுவிட்டார்.

‘ஒரே பாட்டுக்காரர்கள்’ என்று ஏளனமாகச் சொல்வோர் இந்த இடத்தோடு கதையை முடித்துவிடுவர். நாம் இன்னும் சிறிது தூரம் தொடர்ந்து செல்வோம். டௌன்ஸ், ஸ்டீவ் ஹோ, ஜான் வெட்டன், கார்ல் பாமர் ஆகிய மூவருடன் ‘ஏஷியா’ என்ற குழுவை நிறுவினார். 1982-இல் வெளிவந்த அதன் முதல் இசைத்தட்டு அமெரிக்காவில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது.

ஹார்னின் பாதை இன்னும் விந்தையானது. அவருடைய மனைவி ஜில் சின்க்ளேர், ஒலிப்பதிவுக் கூடம் நடத்திய வணிகக் குடும்பத்தவர், கூரிய மதியுடையவர். பாடகராக நீர் இரண்டாம் வரிசையைத் தாண்டமாட்டீர். தயாரிப்பாளராக உலகில் முதல்வராகலாம் என்ற கருத்தை அவர் கணவரிடம் ஒளிக்காமல் கூறினாராம். மனைவி கூறிய கசப்பு மருந்தை ஹார்ன் உட்கொண்டார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பாடும் பணியை விட்டு, இப்பால் அமர்ந்து பாட வைக்கும் பணியை மேற்கொண்டார். 1982-இல் ஏ. பி. சி. குழுவின் ‘தி லெக்ஸிகன் ஆஃப் லவ்’ முதலிடம் பெற்றது. தம்மை ஏற்க மறுத்த ரசிகர்களையுடைய அதே எஸ் குழு, ஆண்டர்சனைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் எழுந்தபோது, அதன் ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ பாட்டைத் தயாரித்தவரும் இவரே. 1984 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அந்தக் குழுவுக்கு அங்கு அத்தகைய வெற்றி அதற்கு முன்னும் கிட்டியதில்லை, பின்னும் கிட்டவில்லை. ஓசைகளைக் கணிப்பொறியின் நினைவில் பதிந்து, விசைப்பலகையால் மீட்டும் ‘ஃபேர்லைட்’ என்ற கருவியைப் பிரிட்டனில் முதன்முதல் கையாண்டவர்களுள் ஹார்ன் ஒருவர். இன்று உலகெங்கும் திரையிசைக் கூடங்களில் அன்றாட வழக்காகிவிட்ட பல முறைகளுக்கு அவருடைய கூடம் ஒரு சோதனைச்சாலையாக விளங்கியது.

வானொலியின் வல்லமைக்கு இதே ஹார்னின் வாழ்விலிருந்து ஒரு சான்று காட்டலாம். ‘ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்’ என்ற குழுவுக்காக அவர் தயாரித்த ‘ரிலாக்ஸ்’ என்ற பாட்டு ஒழுக்கக் கேடானது என்று கருதி, 1984 ஜனவரியில் பி. பி. சி. வானொலி அதை ஒலிபரப்ப மறுத்தது. மறுத்த செய்தி பரவியதும் விற்பனை பொங்கி எழுந்தது; ஐந்து வாரம் அது முதலிடத்தில் இருந்தது. வானொலி வாய் திறந்தாலும் வெற்றி. வாய் மூடினாலும் வெற்றி. மாண்டுபோனதாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்கு இத்துணைச் செல்வாக்கா! அவ்வாண்டு நவம்பரில், எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பிரிட்டிஷ் பாடகர்கள் பலர் கூடிப் பாடியபோது, தம் ஒலிப்பதிவுக் கூடத்தை ஒரு நாள் முழுவதும் இலவசமாக விட்டுக்கொடுத்தவரும் ஹார்னே. பின்னாளில் சீல் என்ற பாடகரின் ‘கிஸ் ஃபிரம் எ ரோஸ்’ பாட்டுக்காக 1996-இல் அமெரிக்காவின் கிராமி விருதும் அவருக்குக் கிடைத்தது.

ஆகவே முதற்கேள்விக்கு விடை தெளிவு. ஒரே பாட்டு என்பது அவர்கள் உழைப்பின் எல்லை அன்று. நம் நினைவின் எல்லை. முன்னே நின்றவரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பின்னே நின்றவரை மறப்பது ரசிகர் இயல்பு. அலுவலகங்களில் பிறர் எழுத்தை மொழிபெயர்க்கும் தொழிலை மேற்கொண்ட நம்மைப் போன்றோருக்கு இது புதிய செய்தி அன்று.

இனி இரண்டாம் கேள்வி. அதற்கு விடை தேடிப் பாரதத்துக்குத் திரும்புவோம். அந்தப் பாட்டு இங்கும் வந்து சேர்ந்தது. 1982 டிசம்பரில் வெளியான ‘டிஸ்கோ டான்ஸர்’ என்ற இந்திப் படத்தில், இசையமைப்பாளர் பப்பி லாஹிரி அந்த மெட்டைத் தழுவி ஒரு பாட்டு அமைத்தார். அவருடன் சேர்ந்து அதைப் பாடியவர் உஷா உதுப். வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் இந்தப் பெயரருகே சற்று நிற்க வேண்டும். அவர் பம்பாயில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1947-இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே, அமீன் சயானி வழியாக இலங்கை வானொலியில் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1960-களின் இறுதியில் சென்னை மவுண்ட் ரோட்டில் ஓர் இரவு விடுதியில் பாடத் தொடங்கிக் கல்கத்தாவில் புகழ் கண்டார். திரையிசை வழக்கத்துக்கு ஒவ்வாத கனத்த குரல் அவருடையது. வானொலிக் கலைஞனின் மறைவைப் பாடிய மெட்டை, வானொலி கண்டெடுத்த ஒரு குரல் இந்நாட்டில் பாடியது. 2024-இல் பாரத அரசு அவருக்குப் பத்ம பூஷண் அளித்தது.

அந்தப் படம் வந்த ஆண்டையும் கவனியுங்கள். 1982-இல்தான் நம் நாட்டுத் தொலைக்காட்சி தேசிய ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆசிய விளையாட்டையொட்டி வண்ணத்தையும் பரப்பியது. பின்வந்த ஆண்டுகளில் மாலை வேளைகளில் வானொலிப் பெட்டிகள் மௌனமாயின. குடும்பம் முழுவதும் சூழ்ந்து அமர்ந்து கேட்ட வானொலி நாடகங்கள் கேட்பாரை இழந்தன. குரலாலேயே அரசனையும் ஆண்டியையும் படைத்துக் காட்டிய நடிகர்கள் பலர் பெயரற்றுப் போயினர். இதனை மறைத்து, ஒன்றும் நேரவில்லை என்று சாதிப்பது நேர்மை ஆகாது.

ஆனால் மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் அந்தப் பாட்டின் தலைப்பை மறுமுறை வாசித்துப் பார்க்கிறோம். பலரும் சொல்வதுபோல் அது வானொலி மாண்டது என்று கூறவில்லை. வானொலிக் கலைஞன் மாண்டான் என்றே கூறுகிறது. இரண்டும் ஒன்றல்ல. சாதனம் அழிவதில்லை, ஒரு சாதனத்தை நம்பித் தேர்ச்சி பெற்ற மனிதனே அழிகிறான். 1931-இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ்ப் படம் பேசத் தொடங்கியபோது சினிமா அழியவில்லை. பேச வராத நடிகரே ஒதுங்கினர். வானொலியும் அவ்வாறே. 2001 முதல் தனியார் பண்பலை நிலையங்கள் நகரந்தோறும் எழுந்தன. இன்று கைத்தொலைபேசியில் ஆகாசவாணி உலகெங்கும் கேட்கிறது. மாறாக, பாட்டுப் படங்களுக்கென்றே பிறந்த எம். டி. வி., காலப்போக்கில் பாட்டைக் குறைத்து வேறு நிகழ்ச்சிகளுக்கு மாறிவிட்டது. கொன்றவனாகப் பேசப்பட்டவனும் முதுமையடைந்தான். எனவே புதிய கருவி ஒன்று வரும்போது நாம் கேட்க வேண்டியது ‘பழையது பிழைக்குமா’ என்பதன்று. ‘பழையதில் உழைத்தவன் எங்கே போவான்’ என்பதே. பாலார்டின் கதையில் வரும் பாடகிக்காகப் பரிவு கொண்ட ஊமை இளைஞன் கேட்டதும் அதுவே.

அந்த இருவரும் என்ன ஆயினர்? புதுமைக்குப் பலியாகாமல், புதுமையைக் கற்றுத் தொழிலை மாற்றிக்கொண்டு வாழ்ந்தனர். எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. 2010 செப்டம்பரில், அதாவது பாட்டு வெளிவந்து 31 ஆண்டுகள் கழித்து, லண்டனில் ஒரு சிறு அரங்கில் அவர்கள் தங்கள் முதல் முழுக் கச்சேரியை நிகழ்த்தினர். வாழ்நாளின் பெரும் பகுதியைக் கண்ணாடிக்குப் பின்னால் கழித்தவர்கள், அன்று முகம் காட்டிப் பாடினர்.

நேயர்களே, ஊர் விட்டு ஊர் வந்து, தில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ வாடகை அறையில் முதல் இரவைக் கழித்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். சுற்றிலும் புரியாத பேச்சு. திடீரென்று எங்கிருந்தோ ஒரு தமிழ்க் குரல் செய்தி வாசிக்கிறது. வாசிப்பவர் முகம் நமக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று தோன்றியதுமில்லை. அந்தக் குரல் போதுமானதாக இருந்தது. அது உள்ளவரை இரங்கற்பாவை மடித்து வைத்துவிடலாம். ஆனால் அந்தக் குரலுக்கு உரியவரை மட்டும் மறவாதிருப்போமாக.